எண்பத்தாறு: மூத்ததும் இளையதும்

எட்டு, ஆறு என்னும் இரண்டு இலக்கங்கள் யப்பானிய இளைஞரிடையே ஒரு மோட்டார் வண்டியின் பெயராய் நிலைபெற்றுவிட்டன. எட்டுக்கு "ஹச்சி" என்றும் ஆறுக்கு "றொக்கு" என்றும் அம்மொழியிற் பெயர். "ஹச்சி றொக்கு" என்று ஒருவர் சொன்னால், வண்டிப் பிரியர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. 1983 ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனத்தார் வெளியிட்ட சிறிய வண்டியொன்றே அவர்கள் நினைவுக்கு வரும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2012 இல், அதே நிறுவனத்தார் அந்த எண்ணைப் புதிய வண்டியொன்றுக்குச் சூட்டினர். 2021 இல் அதன் அடுத்த தலைமுறையும் வந்து சேர்ந்தது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்மவர் வழக்கம். பெயரைப் பெற்ற பேரன் பாட்டனின் குணத்தையும் பெற்றானா என்று ஊரார் உற்று நோக்குவதும் வழக்கந்தான். இக்கட்டுரையில் நாம் செய்யப் புகுவதும் அதுவே. எது வேகமானது என்ற கேள்வி ஒரு வரியில் தீர்ந்துவிடும்; புதியதே வேகமானது. ஆயின், எந்த வண்டி தன் சாரதிக்கு எதைக் கற்பிக்கிறது, எதை அவனிடமிருந்து மறைக்கிறது என்ற கேள்வி அவ்வளவு எளிதில் தீர்வதன்று. பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வியும் அதுவாகும்.

பின்சில்லுகள் தள்ளும் வண்டி

இரண்டு வண்டிகளும் பின்சில்லுகளால் உந்தப்படுபவை. முன்னே அமைந்த எஞ்சினின் வலு, நீண்ட சுழல்தண்டொன்றின் வழியாகப் பின்னச்சை அடைகிறது. இன்று வீதிகளில் ஓடும் சிறிய கார்களிற் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை. இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கு விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

ரயர் ஒன்றுக்கு வீதியின்மீதுள்ள பிடிப்பை ஒரு குடும்பத்தின் மாத வருமானத்துக்கு ஒப்பிடலாம். வருமானம் அளவானது. வளைவில் வண்டியைத் திருப்புவதற்கு அதில் ஒரு பங்கு செலவாகின்றது. வேகத்தைக் கூட்டுவதற்கோ, பிரேக் பிடிப்பதற்கோ மற்றொரு பங்கு செலவாகின்றது. இரண்டு செலவும் சேர்ந்து வரவை மிஞ்சினால் ரயர் சறுக்கத் தொடங்கும். முன்சில்லு வண்டியில் திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் ஒரே சோடிச் சில்லுகளின் தலையில் விழுகின்றன. பின்சில்லு வண்டியிலோ வேலை பங்கிடப்படுகின்றது. முன்னவை திருப்புகின்றன, பின்னவை தள்ளுகின்றன. அன்றியும், வண்டி வேகமெடுக்கும்போது அதன் பாரம் பின்னோக்கிச் சாய்ந்து, தள்ளும் சில்லுகளை வீதியோடு அழுத்துகின்றது. விரைவு வண்டிகளை அமைப்போர் பலர் பின்சில்லு உந்துகையை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

இதிலே அபாயமும் உண்டு. வளைவின் நடுவே சாரதி அளவுக்கு மிஞ்சி வலுவைக் கொடுத்தால், பின்ரயர்கள் பக்கவாட்டுப் பிடிப்பை இழந்து, வண்டியின் வால் வெளிப்புறமாக வீசும். கால் பதறி வலுவைச் சடுதியாக விட்டாலும் பாரம் முன்னோக்கிப் பாய்ந்து, பின்பகுதி இலேசாகி, அதே விளைவு நேரலாம். வால் வீசும் திசையை நோக்கியே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலையும் நிதானமாக வைத்திருப்பவன் வண்டியை மீட்பான். அது புத்தகத்தைப் படித்து வருவதன்று; உடம்பு பழகி வருவது.

வீட்டு வண்டியின் கடைசிப் பின்சில்லுப் பிள்ளை

கொரோலா என்ற பெயர் இலங்கையில் அறியப்படாத பெயரன்று. மூத்த எண்பத்தாறு அந்தக் கொரோலாக் குடும்பத்திற் பிறந்ததே. "ஏஈ86" என்பது அதன் தொழிற்சாலைக் குறியீடு. "ஏ" என்பது எஞ்சின் வரிசையையும், "ஈ" என்பது கொரோலாக் குடும்பத்தையும், "8" தலைமுறையையும், "6" அத்தலைமுறையின் வகையையும் குறிக்கும். கடைகளில் அது கொரோலா லெவின், ஸ்பிரின்ரர் டிரூனோ என்னும் இரண்டு பெயர்களில் விற்பனையாயிற்று. லெவினின் விளக்குகள் நிலையானவை. டிரூனோவின் விளக்குகள் பொனற்றினுள் ஒளிந்திருந்து, வேண்டும்போது எழுந்து நிற்பவை.

1983 இல் வந்த புதிய கொரோலா வீட்டு வண்டிகள் முன்சில்லு உந்துகைக்கு மாறின. உள்ளே இடம் பெருகவும் எடை குறையவும் அம்மாற்றம் உதவிற்று. லெவின், டிரூனோ ஆகிய இரண்டு விளையாட்டு வகைகள் மட்டும் முந்திய தலைமுறையின் பின்சில்லு அடித்தளத்தையே வைத்துக்கொண்டன. 1987 இல் அவையும் முன்சில்லுக்கு மாறிவிட்டன. ஆகவே, ஒரு காலம் முடிந்து மறுகாலம் தொடங்கும் இடைவெளியிற் பிறந்த வண்டி அது.

அதன் எஞ்சின் "4ஏ-ஜிஈ" எனப்படும். கொள்ளளவு 1587 கன சென்ரிமீற்றர். நான்கு உருளைகள், பதினாறு வால்வுகள், மேலே இரண்டு நெம்புருள் தண்டுகள். யப்பானில் அக்காலத்தில் வழங்கிய அளவீட்டு முறைப்படி அதன் வலு 130 குதிரைவலு. வண்டியின் எடையோ ஏறத்தாழ 940 கிலோகிராமே. பின்பகுதியில் இரண்டு சில்லுகளையும் ஒரே விறைப்பான அச்சு பிணைத்திருந்தது. ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் அந்த அதிர்ச்சியிற் பங்குகொள்ளும். வழுக்கலைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் ஏதும் அதிற் கிடையாது. எஞ்சின் முரலுவதும், ரயர் முனகுவதும், வீதியின் ஒவ்வொரு மேடுபள்ளமும் சாரதியின் கைக்கும் முதுகுக்கும் நேராக வந்து சேர்ந்தன.

சிறியதாயினும் அது பந்தயங்களிற் பின்நின்றதில்லை. பிரித்தானியச் சலூன் கார்ப் பந்தயத் தொடரில், 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிறிஸ் ஹொட்ஜெற்ஸ் என்பவர் கொரோலா வண்டியைச் செலுத்தி ஒட்டுமொத்தச் சம்பியன் பட்டத்தை வென்றார். எஞ்சினின் அளவுக்கேற்ப வகுப்புகள் பிரிக்கப்பட்டு, அந்தந்த வகுப்பில் எடுத்த இடத்துக்கே புள்ளிகள் வழங்கப்பட்டமையால், பெரிய வண்டிகளுக்கிடையே சிறிய வண்டியொன்று முடிசூட முடிந்தது.

மலைப்பாதையும் தண்ணீர்க் கோப்பையும்

இவ்வண்டியின் பெரும்புகழ் யப்பானிய மலைப்பாதைகளிற் பிறந்தது. கணவாய்களைக் கடந்து வளைந்து வளைந்து இறங்கும் அப்பாதைகளில் வலுவைக் காட்டிலும் இலேசான உடலும் நிதானமான கையுமே பயன் தந்தன. பந்தயச் சாரதியான கெயிச்சி சுச்சியா என்பார் இவ்வண்டியின் வாலைத் திட்டமிட்டு வீசச்செய்து, அதனை அடக்கிச் செலுத்தும் வித்தையாற் பெயர்பெற்றார். "டிரிஃப்ற்" என்று உலகம் இன்று அழைக்கும் விளையாட்டு பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1995 முதல் 2013 வரை ஷுயிச்சி ஷிகெனோ என்னும் சித்திரக்காரர் எழுதிவந்த "இனிஷியல் டி" என்ற படக்கதை, இவ்வண்டியை நாடுகடந்து கொண்டுசென்றது. தோஃபு என்னும் சோயாக் கட்டியை விடியுமுன் மலையுச்சி விடுதிக்குக் கொண்டுசெல்லும் ஒரு கடைக்காரரின் மகனே அதன் நாயகன். அவன் செலுத்துவது வெள்ளையும் கறுப்புமான டிரூனோ. தண்ணீர் நிறைந்த கோப்பையொன்றை வண்டியில் வைத்து, அது சிந்தாமல் ஓட்டுமாறு தந்தை பணிக்கின்றார். தோஃபு உடையாமல் வாடிக்கையாளரைச் சென்றடைதல் வேண்டும் என்பதே தந்தையின் கவலை. மகனுக்கோ அதுவே பெரும் பயிற்சியாகிவிடுகின்றது.

கதை கற்பனையே. ஆயினும் கோப்பையின் பாடம் இயற்பியலுக்கு முற்றும் பொருந்தும். தண்ணீர் சிந்துவது வேகத்தால் மட்டுமன்று, வேகத்தின் சடுதி மாற்றத்தாலுமாகும். பிரேக்கை வெடுக்கென மிதிப்பவனும் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புபவனும் தண்ணீரைச் சிந்துவதோடு, ரயரின் பிடிப்பையும் ஒருங்கே சிந்துகின்றனர். பாரத்தை ஒரு சில்லிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நகர்த்துபவனே நல்ல சாரதி. இலேசான, மறைவில்லாத பழைய வண்டி அந்த நுட்பத்தை ஒளியாமற் காட்டிற்று.

இளையதன் வருகை

பின்சில்லு உந்துகையுள்ள, மலிவான சிறு விளையாட்டு வண்டிகள் அருகிவந்த காலத்தில், டொயோட்டாவும் சுபாருவும் கூட்டுச் சேர்ந்து ஒன்றை ஆக்க முற்பட்டன. டொயோட்டாவின் தலைமைப் பொறியியலாளராக தெற்சுயா தாதா பணியாற்றினார். 2012 இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியே "86". சுபாருவின் பெயரில் அதுவே "பீஆர்இசட்". எஞ்சின் சுபாருவின் மரபுப்படி படுக்கைவாட்டானது. அதன் உருளைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே கிடக்கின்றன. எழுந்து நிற்கும் எஞ்சினைவிடப் படுத்திருக்கும் எஞ்சின் தாழ்வானது. ஆகவே வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்து, நிலத்திலிருந்து 460 மில்லிமீற்றர் உயரத்தில் அமைந்தது. மையம் தாழத் தாழ வளைவில் வண்டி சாய்வது குறையும் என்பதை மாணவர் அறிவர்.

எஞ்சினின் உருளை விட்டமும் வீச்சும் தலா 86 மில்லிமீற்றர். கொள்ளளவு 1998 கன சென்ரிமீற்றர். வலு 200 குதிரைவலு. எடை ஏறத்தாழ 1,200 கிலோகிராம். அதிலே ஒரு வியப்பு என்னவெனில், விளையாட்டு வண்டியென்று பெயர்பெற்ற அதற்கு அகன்ற பந்தய ரயர்களை அவர்கள் பூட்டவில்லை. எரிபொருட் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் வண்டியின் சில வகைகளுக்குப் பூட்டும் அதே இன ரயர்களையே பூட்டினர். பிடிப்பின் எல்லை தாழ்ந்திருந்தால், சாதாரண வேகத்திலேயே சாரதி அந்த எல்லையை உணர்ந்து பழகலாம் என்பது அதன் உட்கருத்து. பாட்டனின் குணத்தைப் பேரனுக்குப் புகட்ட அவர்கள் கருதிச் செய்த முயற்சி அது.

நடுத்தர வேகச் சுழற்சியில் எஞ்சினின் இழுவிசை சற்றுத் தளர்வதை அக்காலத்திற் பலர் குறையாகச் சொன்னார்கள். 2021 இல் வந்த "ஜீஆர் 86" அக்குறையை நீக்கிற்று. எஞ்சின் 2387 கன சென்ரிமீற்றராக வளர்ந்தது. வலு 235 குதிரைவலுவாக உயர்ந்தது. வீச்சு மட்டும் அதே 86 மில்லிமீற்றராய் நின்றது. எடை மிகாதிருக்கக் கூரையையும் அலுமினியத்தால் அமைத்தனர். இப்புதிய வண்டிகள் உருவாவது குன்மா மாகாணத்து ஓத்தா நகரிலுள்ள சுபாருவின் தொழிற்சாலையில். படக்கதையில் வரும் மலைக்கு மூலமான ஹருனா மலையும் அதே குன்மா மாகாணத்திலேயே நிற்கின்றது.

கணக்குச் சொல்வதும் சொல்லாததும்

இப்போது இரண்டையும் தராசில் வைப்போம். மூத்தது ஏறத்தாழ 940 கிலோகிராம், 130 குதிரைவலு. ஒவ்வொரு குதிரைவலுவும் ஏறத்தாழ 7.2 கிலோகிராமைச் சுமக்கின்றது. 2021 இன் இளையது ஏறத்தாழ 1,270 கிலோகிராம், 235 குதிரைவலு. ஒவ்வொன்றும் சுமப்பது 5.4 கிலோகிராமே. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தூரம் மூத்ததில் 2,400 மில்லிமீற்றர், இளையதில் 2,575. அச்சிடைத் தூரம் கூடினால் வண்டி சட்டெனச் சுழன்றுவிடாது. பின்சில்லுகள் தனித்தனியே தொங்குவதால் ஒன்றின் துன்பம் மற்றதைத் தாக்குவதில்லை. எந்த அளவுகோலால் அளந்தாலும் புதியதே மேம்பட்ட பொறி.

கூடிய முந்நூற்றுச் சொச்சம் கிலோகிராம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும். மோதலில் நசுங்கி உயிரைக் காக்கும் முன்பகுதி, உறுதியான கூண்டு, காற்றுப் பைகள், அகன்ற சில்லுகள், பெரிய பிரேக்குகள் என அதிற் பெரும்பகுதிக்கு நல்ல காரணங்கள் உண்டு. 1983 ஆம் ஆண்டு வண்டியின் இலேசான உடலைப் போற்றுவோர், அந்த இலேசு எவ்வெவற்றை நீக்கிப் பெற்ற இலேசு என்பதையும் மறத்தலாகாது. பழமையைப் பாராட்டுவது வேறு. விபத்தில் அதனுள் அமர்ந்திருப்பது வேறு.

கண்ணுக்குத் தெரியாத காவலன்

இரண்டுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இளையதிலே நிலைப்புக் கட்டுப்பாட்டுச் சாதனம் உண்டு. சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பிய திசையையும் வண்டி உண்மையாகத் திரும்பும் திசையையும் அது இடையறாது ஒப்பிடுகின்றது. இரண்டும் மாறுபட்டால், தனித்தனிச் சில்லுக்குத் தானே பிரேக் பிடித்து, எஞ்சினின் வலுவையும் தணித்து வண்டியை வழிக்குக் கொண்டுவருகின்றது. 1995 இல் மெர்சிடிஸ் வண்டியில் இது முதன்முதல் அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் 2012 ஆம் மாதிரியாண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் புதிய கார்கள் அனைத்துக்கும் சட்டம் இதனைக் கட்டாயமாக்கிற்று. எத்தனையோ வீடுகளில் அழுகுரல் எழாமற் காத்த சாதனம் இது. இதனை வேண்டாமென்பவர் அறிவுடையோராகார்.

ஆயினும் காவலன் இருக்கும் வீட்டில் கதவைப் பூட்ட மறப்பது மனித இயல்பு. பழைய வண்டி, சறுக்கல் தொடங்குமுன்பே முனகியும் அசைந்தும் சாரதியை எச்சரித்தது. அவன் அஞ்சினான், கற்றான். புதிய வண்டியில் ஈரமான வளைவிலே பிழை செய்தவன், முகப்பிலே சிறு விளக்கொன்று மின்னி மறைவதை மட்டுமே காண்கின்றான். தான் செய்த பிழை அவனுக்கே தெரியாமற் போகலாம். தெரியாத பிழையைத் திறமை என்று எண்ணிக்கொள்வது இளமையில் எளிது.

கணக்கொன்றை இங்கே நோக்குவோம். ஓரு வளைவில் பழைய வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் பிடிப்பை இழக்கின்றது என்றும், புதிய வண்டி அதே வளைவில் 80 வரை தாங்குகின்றது என்றும் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கே. இயக்கச் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தின்படி வளர்வது. எனவே, ஒரே திணிவுக்கு அது 78 வீதம் கூடிவிடுகின்றது. புதிய வண்டியின் எல்லை தூரத்தில் இருக்கின்றது. ஆனால் அந்த எல்லையைக் கடந்தவன் விழும் பள்ளம் ஆழமானது. காவலனும் இயற்பியலின் விதியை மாற்ற வல்லவனல்லன். ரயரிடம் இல்லாத பிடிப்பை எந்த மின்னணுச் சாதனமும் படைத்துத் தராது.

இரண்டும் வாழுமா?

மூத்தது இன்று அருகிவிட்டது. மலைப்பாதையிலும் டிரிஃப்ற் களத்திலும் சிதைந்தவை பல. நன்கு பேணப்பட்டவை சில புதிய வண்டிக்கு நிகரான விலைக்கு விற்கப்படுகின்றன. ஒரு காலத்தில் கைச்செலவுக்குப் பணமில்லாத இளைஞன் பழையதாய் வாங்கி ஓட்டிய வண்டி, இப்போது செல்வரின் கொட்டகையில் துணி போர்த்திக் கிடக்கின்றது. அதன் உதிரிப்பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரிக்கப்போவதாக டொயோட்டா நிறுவனத்தார் 2021 இல் அறிவித்தனர். 2023 சனவரியில், சிபா நகரில் நடந்த வண்டிக் கண்காட்சியில், ஐதரசன் வாயுவால் இயங்குமாறு மாற்றிய எண்பத்தாறு ஒன்றையும், மின்னால் இயங்குமாறு மாற்றிய எண்பத்தாறு ஒன்றையும் காட்சிக்கு வைத்தனர்.

இளையதும் நிலையான ஆயுள் பெற்றதன்று. ஐரோப்பாவில் அதன் விற்பனை இரண்டாண்டுகளோடு முடிந்தது. 2024 யூலையில் அங்கே நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அதனை மாற்றியமைப்பது இலகுவான காரியமாக இருக்கவில்லை. பாட்டனைப் போலவே பேரனும் ஒரு காலம் முடிந்து மறுகாலம் தொடங்கும் வாயிலிலேதான் நிற்கின்றான்.

ஆகவே, எது சிறந்தது? பொறியென்ற வகையிற் புதியது. ஆசிரியன் என்ற வகையிற் பழையது. பழைய ஆசிரியன் பிரம்பைக் கையில் வைத்திருந்தான். கற்காதவனை அடித்தான், சில வேளைகளிற் கொன்றும் விட்டான். புதிய ஆசிரியன் சாந்தமானவன்; கேட்டால் அனைத்தையும் சொல்வான், கேளாதவனைத் தன்பாட்டில் விட்டுவிடுவான். இன்று கற்கும் கடமை மாணவனைச் சேர்ந்தது. மூடிய ஓடுகளத்தில், தகுந்த பயிற்சியாளரின் பக்கத்திலிருந்து, காவற் சாதனத்தைத் தளர்த்தித் தன் வண்டியின் எல்லையைக் கண்டறிந்த இளைஞன், பொதுவீதியில் அந்த எல்லையின் பக்கமே போகமாட்டான். பொதுவீதியிற் பந்தயம் ஓட்டுபவனுக்கோ பழையதும் புதியதும் ஒன்றே.

விலையுயர்ந்த வண்டியொன்றும் இல்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சாதாரண வண்டியிலும் அந்தத் தண்ணீர்க் கோப்பையை மனத்திலே வைத்துச் செலுத்தலாம். பின்னால் அமர்ந்திருக்கும் தாயின் தலை முன்னும் பின்னும் ஆடாமல் வண்டியை நிறுத்தத் தெரிந்தவனே எண்பத்தாறின் பாடத்தைக் கற்றவன்.